அட்டையைப் பீரோவில் பூட்டுவது எப்படி?

கர்ப்பத்தைப் பதிந்தபோது தாய் சேய் நல அட்டை ஒன்று கொடுத்தார்களே, அதை முதலில் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வையுங்கள். நீங்கள் எம்.எஸ்சி. படித்தவராக இருக்கலாம், பாதகமில்லை. மிக்ஸிக்கு வந்த கையேட்டை வரிவரியாகப் படிப்பவர்கள்கூட இந்த அட்டையைத் திறப்பதில்லை.

அடுத்தது சேனை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள் என்பார் நர்ஸம்மா. மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கிறதே, அதையா கொடுப்பது? பீய்ச்சிக் கொட்டுங்கள். நல்ல குணமுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து, சர்க்கரைத் தண்ணியைப் பிள்ளை நாக்கில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். எனக்கு வைத்தவர் தாய்மாமன். அவருக்கு ஊரெல்லாம் கடன். எனக்கு வங்கியில் மட்டும்தான். ஆக, சேனை பாதி பலிக்கும்.

பிள்ளை அழுதால் பால் பற்றவில்லை என்று பொருள். வேறு பொருளே கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போனால் பால் போதுகிறது என்று ஒரு கணக்கு உண்டு. அதை எண்ணத் தொடங்கினால் பவுடர் டப்பாக்காரர் பிழைப்பது எப்படி? எண்ணாதீர்கள்.

குளிப்பாட்ட வரும் ஆயா மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவார். அது நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் தடுத்தால், "நீங்க எத்தனை பிள்ளை பெத்தீங்க?" என்று கேளுங்கள். டாக்டர் ஆணாக இருந்தால் விவாதம் அத்தோடு முடிந்தது.

தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில். முதல் ஊசியன்று ராத்திரி உடம்பு சுடும். அதையே சாக்காக வைத்து மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். பேதியானால் தாய்ப்பாலை நிறுத்துங்கள். பல் முளைக்கிறது என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அரை டம்ளரில் கொட்டினால் சத்து கூடுமாம். சொன்னவர் மாமியாரின் தங்கை, அப்பீல் கிடையாது. ஜிங்க் மாத்திரை 14 நாளைக்குத் தருவார்கள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மிச்சத்தை ஃபிரிட்ஜ் மேல் போடுங்கள்.

இவ்வளவும் நடக்கையில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. பெற்றவள் பச்சை உடம்புக்காரி. அவளுக்கு என்ன தெரியும்?

இத்தனைக்கும் பிறகு பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கினால், மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு உடனே 108-க்கு அடியுங்கள். காசு கிடையாது. கிளம்பும்போது அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.