அம்மிணி, அதிரசத்துக்கு ஜிஎஸ்எம் கேக்காதே

ஏன் அம்மிணி, திருப்பூர்க் கம்பெனியில உக்காந்துக்கிட்டு, தீவாளி நோம்பிக்கு "அப்பத்தா ரெசிபி" வேணும்னு போன்ல கேக்கறே. அதுவும் கிராம் கணக்குல சொல்லோணுமாமா. பனியன் துணிக்கு ஜிஎஸ்எம் கேக்கற வாய் அதிரசத்துக்கும் அதையே கேக்குது. சரி, எழுதிக்கோ. மாவுப் பச்சரிசி ஒரு கிலோ, வெல்லம் முக்காக் கிலோ, ஏலக்காய், சுக்கு, கொஞ்சம் எள்ளு, நெய்யி. எழுதியாச்சா? இப்ப அந்தத் தாளை அடுப்புப் பத்த வெக்க எடுத்து வெச்சுட்டு, மேல கேளு.

அரிசி ரெண்டு மணி நேரம் ஊறோணும். வடிச்சு நெழல்ல துணி விரிச்சு ஒலத்தோணும். எத்தனை நிமிசம்னு கேப்பே. ஐப்பசியில மழை மூட்டமா இருந்தா ஒரு கணக்கு, வெயில் அடிச்சா ஒரு கணக்கு. கையில அள்ளிப் புடிச்சா ஈரம் தெரியோணும், விட்டா ஒட்டாம உதிரோணும். அந்த ஈரத்தோட இடிச்சுச் சலிச்ச மாவுதான் பாகைக் குடிக்கும். கடையில பாக்கெட்டுல வர்ற காஞ்ச மாவுல சுட்டா, அதிரசம் பொறக்கும்போதே கெழடு தட்டிப்போகும்.

பாகுலதான் உன்ற படிப்பெல்லாம் கவுந்துரும். வெல்லத்தைக் கரைச்சு, மண்ணு போக வடிகட்டி, மறுக்காக் கொதிக்க வெச்சு, ஒரு சொட்டைத் தண்ணிக் கிண்ணத்துல விட்டுப் பாரு. கரைஞ்சா இன்னும் ஆகலை. வெரல்ல மெத்துனு உருண்டா உடனே எறக்கு. போன் வந்துதுன்னு அக்கட்ட போயி பேசிட்டு வந்தயா, தண்ணியில போட்ட சொட்டு கிண்ணத்துல தட்டினா டங்குனு சத்தம் குடுக்கும். அது கடலை மிட்டாய்ப் பாகு. கோவில்பட்டிக்கு அனுப்பி வெச்சுரு, அவங்க 2020-லயே அதுக்குப் புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. இளம்பாகுல மாவைக் கொட்டினா அதிரசம் எண்ணெயில கரைஞ்சு காணாமப் போகும். முத்தின பாகுல கொட்டினா தின்னறவங்க பல்லு காணாமப் போகும். ரெண்டுல எது பரவாயில்லைங்கறது யாருக்குச் சுடறேங்கறதைப் பொறுத்தது.

கெளறின மாவை நெய் தடவுன போசியில அமுக்கி ஒரு நாளாவது வெக்கோணும். ரெண்டு நாள் வெச்சா இன்னும் நல்லது. உங்க தலைமுறைக்கு அந்தக் காத்திருக்கறதுதான் ஆகாது. பொறவு வாழையெலையில தட்டி, சிறுதீயில வேக விட்டு, ரெண்டு கரண்டிக்கு நடுவுல வெச்சு எண்ணெயை அமுக்கி வடிக்கோணும். உங்கப்பாரு ஆயுசுல சமையக்கட்டுல செஞ்ச ஒரே வேலை இந்த அமுக்கறதுதான். அமுக்கும்போது ஒண்ணு ஒடையும். ஒடைஞ்சது சாமிக்கு ஆகாதுன்னு வாயில போட்டுக்குவாரு. வருசம் போகப் போக நெறைய ஒடைய ஆரம்பிச்சுது. சாமி ஒண்ணும் சொல்லலை, நானும் சொல்லலை.

இத்தனை பாடு உனக்கு எதுக்கு, கச்சாயம் சுடு. ஊறின அரிசியை வெல்லம் போட்டுக் கெட்டியா ஆட்டி, கரண்டியில மொண்டு எண்ணெயில ஊத்தினாச் சரி. பதமும் வேண்டாம், பயமும் வேண்டாம். அதிரசம் கைவராத மருமகளுகளைக் காப்பாத்தின பலகாரம் அது. உங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லீராதே.

இன்னொண்ணு. இதெல்லாம் எங்க குடும்பத்துல ஆயிரம் வருசப் பலகாரம்னு கம்பெனியில பெருமை பேசிக்கிட்டுத் திரியறயாமா. அதிரசம் பழசுதான், இல்லைங்கலை. விஜயநகர ராஜாக்க காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுலயே சாமிக்கு அதிரசம் படைக்கக் கட்டளை இருக்குது. திருப்பதிச் சாமி தின்னுச்சு. கொழுமம், குமாரலிங்கம், கல்லாபுரத்துக்காரங்களும் தின்னிருப்பாங்க, அவங்களுக்கு அமராவதியில பழைய ராஜவாய்க்கால் இருந்துச்சு, நெல்லு வெளைஞ்சுது. நாம குடிமங்கலத்து மேட்டுக்காடு, கண்ணு. சோளம், கம்பு, ராகி. நெல்லுச்சோறே நோம்பிக்கும் ஒறம்பரை வந்தாலுந்தான். பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணி திருமூர்த்தி அணைக்கு வந்து, வாய்க்கால்ல எறங்குன பொறவுதான் இந்தக் காடெல்லாம் தென்னந்தோப்பு. உன்ற பாரம்பரியத் தேங்கா ஒப்புட்டுக்கு என்ன வயசுன்னு என்னைக் கேக்காதே, பொதுப்பணித் துறைக்காரங்களைக் கேளு.

அதுக்கு முந்தி நமக்கு இனிப்புன்னா எள்ளும் வெல்லமும் ஒட்டுக்கா இடிச்சது, கம்பு மாவு உருண்டை, மாரியாத்தா நோம்பிக்கு எடுக்கற மாவிளக்கு. பச்சை மாவுல வெல்லம் போட்டுப் பெசைஞ்சு, குழி பண்ணி, நெய் ஊத்தித் திரி போட்டு ஏத்தறது. அடுப்பே வேண்டாம். திரி எப்ப அணையும், எப்பப் பிச்சுத் திங்கலாம்னு நாங்க கும்புட்டுக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தது அந்த ஆத்தாளுக்கே தெரியும்.

அப்பத்தா கைமணம், கைமணம்னு உங்கப்பன் உருகறானே, அது என்னன்னு சொல்லட்டுமா? டால்டா. 1937-லயே இந்தியாவுல வித்த சரக்கு, நம்மூட்டுக்கு வந்து சேர நாளாச்சு. தென்னை மரம் போட்ட மஞ்ச டப்பா. தீந்தா அதுல துளசி வெப்போம். ரேசன்ல சர்க்கரை போட ஆரம்பிச்சதும் வெல்லத்தைத் தூக்கிப் பரண்ல போட்டோம். வெளுத்ததெல்லாம் ஒசத்தின்னு இருந்த காலம். இப்ப நீங்க கறுத்த நாட்டுச்சர்க்கரையைத் தேடித் தேடி வெலை குடுக்கறீங்க. எங்களுக்குச் சிரிப்பு வருது, கடைக்காரனுக்கு எங்களை விட நல்லா வருது.

வெல்லம் வாங்கறதுன்னா பளபளன்னு மஞ்சளா மின்னறதை எடுக்காதே. அது ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது. கறுத்து, கொஞ்சம் அழுக்கா இருக்கறாப்பல தெரியறதை எடு. மூணாறு போற வழியில, சின்னாறு செக்போஸ்ட் தாண்டினா மறையூர். அங்கத்த சர்க்கரை உருண்டையில புடிச்ச கையோட வெரல் தடம் தெரியும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. தமிழ்நாட்டு வெல்லத்தை மறையூர்ப் பேர்ல விக்கறாங்கன்னு அவங்களுக்கு ரொம்ப நாளாக் கொறை. அதனால டூர் போயி, அசல் சரக்குன்னு ரெட்டை வெலை குடுத்து வாங்கறதுக்கு முந்தி ஒருக்கா மோந்து பாரு. அது உனக்கு முந்தின பஸ்ஸுல உடுமலையில இருந்து வந்ததாக்கூட இருக்கும்.

உன்ற தம்பி கதை வேற. கிறிஸ்மஸ்க்கு கேக் சுடறேன்னு ஓவன் வாங்கி, அதுக்கு ஒரு தராசு, தராசுக்கு ஒரு மேசைன்னு வாங்கிக்கிட்டே இருக்கறான், கேக்கைத்தான் காணோம். தலச்சேரியில மாம்பள்ளி பாப்புன்னு ஒரு பேக்கரிக்காரர். 1883-ல மர்டாக் பிரவுன்னு ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரை சீமையில இருந்து கொண்டாந்த கேக்கைத் திங்கக் குடுத்து, இதாட்டச் செய்ய முடியுமான்னு கேட்டாராமா. அதுல ஊத்தறதுக்குப் பிராந்தி சொன்னதுக்கு, பாப்பு உள்ளூர்ச் சரக்கையே ஊத்திச் செஞ்சு குடுத்தாருன்னு தலச்சேரிக்காரங்க சொல்றாங்க. வெள்ளைக்காரரு தின்னுட்டு ஒரு டஜன் ஆர்டர் போட்டாராமா. நாக்கு இருந்துச்சு, கையி இருந்துச்சு.

ஓவன் இல்லாமச் சுடற வித்தையைப் பாக்கோணும்னா தம்பியை ஆடி ஒண்ணுக்கு ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் அனுப்பு. தேங்கா சுடற நோம்பி. தேங்காயைக் கல்லுல தேச்சு வழுவழுன்னாக்கி, கண்ணைத் தொறந்து, உள்ளே வெல்லம், எள்ளு, அவலு, பொட்டுக்கடலை எல்லாம் போட்டு, நீளக் குச்சியைச் சொருகி நெருப்புல காட்டுவாங்க. ஓடு கறுத்து வெடிச்சா வெந்துதுன்னு அர்த்தம். டைமர் வெக்கற வேலையே கெடையாது.

ஆனா நீ செய்ய மாட்டே, எனக்குத் தெரியும். தீவாளிக்கு மொதநாள் வரைக்கும் ஷிப்மென்ட், அப்பறம் போனஸ், பொறவு பஸ்ஸுல நிக்க எடமிருக்காது. அதனால உருப்படியா ஒரு புத்தி சொல்றேன். கடையிலயே வாங்கிரு. ஆனா அட்டைப் பொட்டியோட மாமியா முன்னால வெச்சுராதே. பரண்ல என்ற பித்தளைப் போசி இருக்குது, புளி போட்டுத் தேச்சு அதுல அடுக்கு. கடைச் சரக்கு எல்லாம் ஒரே அளவுல, ஒரே நெறத்துல இருக்கும். நீங்க கம்பெனியில ஷேடு பாக்கறாப்பலப் பாத்தே உன்ற மாமியா கண்டுபுடிச்சுரும். அதனால ரெண்டை ஒடைச்சு வெய்யி. ஒண்ணைத் தோசைக்கல்லுல போட்டு ஓரத்தைத் தீச்சு மேலாப்பல வெய்யி. "பாகு கொஞ்சம் முத்திப்போச்சுங்கத்தே"ன்னு மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நீயே முந்திச் சொல்லீரு. கொறை சொல்ல வாய் தொறந்தவங்க, "அதுக்கென்ன சாமி, மொதத் தடவை அப்படித்தான்"னு சமாதானஞ் சொல்லுவாங்க.

நம்பாட்டி உங்கம்மாவைக் கேட்டுப் பாரு, நல்லாத் தெரியும். அந்த வருசம் ஓரம் தீஞ்சிருந்த அதிரசத்தை நான் எடுத்து மோந்து பாத்தேன், அடியில தோசை வாசம் அடிச்சுது. தின்னுட்டு நல்லா இருக்குதுன்னுதான் சொன்னேன்.