பம்ப்செட் எஞ்சினில் பந்தயம்
கோ-கார்ட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவன் நான். கோ-கார்ட் பந்தயத்தில் ஓட ஆசை. நடக்குமா? (சென்னை வாசகர்)

பதில்: தாராளமாக நடக்கும். வண்டி மட்டும் வாங்கிவிடாதீர்கள்! சொந்த வண்டி என்றால் டயர், செயின், ஸ்ப்ராக்கெட், ஏற்றிச் செல்ல ஒரு டெம்போ, மெக்கானிக் கூலி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். வாடகை கார்ட்டில் அந்தப் பாரமெல்லாம் டிராக்காரர் தலையில். நீங்கள் காசு கொடுப்பது ஓட்டுகிற நிமிடங்களுக்கு மட்டும். புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: பணத்தை இரும்பில் போடாதீர்கள், சுற்றுகளில் போடுங்கள்.

கேள்வி: வாடகை வண்டியில் சுற்றுவது வெறும் பொழுதுபோக்கு. அதைப் போய் பந்தயம் என்கிறீர்களே? (மதுரைக் கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி கொடுத்து ஓடச் சொல்வதைவிடக் கடினமான பந்தயம் இல்லை. தோற்றால் எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. பிரிட்டனில் க்ளப்100 என்ற பந்தயத் தொடர் இந்த வழியில்தான் நடக்கிறது. வண்டிகள் எல்லாம் அமைப்பாளர்களுடையவை. போட்டியாளர் ஹெல்மெட்டோடு வந்தால் போதும்.

நம் ஊரிலும் நீங்களே நடத்தலாம். பத்துப் பேர் சேருங்கள். கூட்டம் இல்லாத வார நாளில் டிராக்காரரிடம் பேசி, ஒரு மணி நேரத்தை மொத்தமாக எடுங்கள். வண்டி எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். முதல் ஹீட்டில் (குறுகிய ஓட்டத்தில்) முன்வரிசையில் நின்றவர் அடுத்த ஹீட்டில் கடைசியில் நிற்கட்டும். ஒவ்வொரு ஹீட்டுக்கும் வண்டியும் கைமாறட்டும். மூன்று ஹீட் முடிந்து புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். நல்ல வண்டி கிடைத்த அதிர்ஷ்டமெல்லாம் பெரும்பாலும் கழிந்துபோய், ஓட்டியவரின் கைப்பக்குவம்தான் மிஞ்சி நிற்கும்.

கேள்வி: அதில் என்ன எஞ்சின்? பைக் எஞ்சினா? (ஒட்டன்சத்திரம் விவசாயி)

பதில்: உங்கள் தோட்டத்து எஞ்சினின் பங்காளி! வாடகை கார்ட்களில் அதிகம் பார்ப்பது ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வரிசை. தண்ணீர் பம்ப்பிலும் ஜெனரேட்டரிலும் பூட்டுகிற அதே குடும்பம். நாள் முழுக்க உழைக்கும், சுலபத்தில் மக்கர் பண்ணாது.

இந்த விளையாட்டின் பிறப்பே அப்படித்தான். 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட வெஸ்ட் பெண்ட் எஞ்சினை குழாய்களால் ஆன சட்டத்துக்குப் பின்னால் பூட்டி ஓட்டினார். அவர் வேலை பார்த்தது பெரிய பந்தயக் கார்கள் கட்டும் பட்டறையில். அப்பேர்ப்பட்டவர் தன் சந்தோஷத்துக்குச் செய்துகொண்டது இந்தச் சின்ன வண்டியை.

கேள்வி: க்ளப் பந்தயத்திலும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்களாமே, பணம் எங்கேதான் போகிறது? (திருப்பூர் வாசகர்)

பதில்: முதலில் டயரில். மென்மையான ரப்பர் தரையை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரமே தேயும். ஒருவர் புது செட் மாட்டினால் பக்கத்தில் நிற்பவரும் மாட்டியாக வேண்டும். அடுத்தது எஞ்சினில். ஒருவர் அதைப் பிரித்து, செதுக்கி, அரைக் குதிரைத்திறன் கூடுதலாக எடுத்தால், மற்றவர்களும் அதே பட்டறை வாசலில் போய் நிற்பார்கள்.

இதைச் சட்டம் போட்டு நிறுத்திய க்ளப்கள்தான் இன்று செழிப்பாக இருக்கின்றன. கெட்டியான ஒரே வகை டயர், ஒரு போட்டிக்கு ஒரே செட்: இந்த இரண்டு வரியிலேயே செலவு அடங்கிவிடுகிறது. எஞ்சினுக்கு சீல். அமெரிக்க க்ளப்களில் பரவியிருக்கும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் எல்ஓ206 தொழிற்சாலையிலேயே சீல் வைத்து வருகிறது. பிரித்தால் போட்டியில் இடம் கிடையாது. ரோட்டாக்ஸ் மேக்ஸ் எஞ்சினுக்கும் சீல் உண்டு. ஆனால் அது 125 சிசி டூ-ஸ்ட்ரோக், சீனியர் பிரிவில் கிட்டத்தட்ட 30 குதிரைத்திறன். அதன் பராமரிப்புச் செலவு வேறு ரகம். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர் எல்ஓ206 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக்கோடு நிற்பது நல்லது. ஒரு க்ளப்பில் சேருமுன் அதன் டயர் விதியைக் கேளுங்கள். சந்தா எவ்வளவு என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: என் எடை 92 கிலோ. ஒல்லியான மச்சான் எப்போதும் முந்திவிடுகிறான். (சேலம் வாசகர்)

பதில்: மச்சானின் இருக்கையில் ஈயக் கட்டியை ஏற்றச் சொல்லுங்கள்! ஒழுங்கான க்ளப்களில் ஓட்டுநரைத் தராசில் நிறுத்தி, குறைகிற எடையை ஈயத்தால் நிரப்புவார்கள். சிறிய எஞ்சினுக்கு இருபது முப்பது கிலோ வித்தியாசம் பெரிய பாரம். எடையைச் சமப்படுத்தாத இடத்தில் முந்தினாலும் தோற்றாலும் கணக்கில் வைக்காதீர்கள்.

கேள்வி: வளைவில் வண்டி சுழன்றுவிடுகிறது. காரில் இருபது வருட அனுபவம் எனக்கு. (கோவை வாசகர்)

பதில்: அந்த இருபது வருடம்தான் குறுக்கே நிற்கிறது. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரென்ஷியல் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பூட்டியவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டும் சேர்ந்தே சுற்றினால் வண்டி எப்படித் திரும்பும்? ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்பக்க உள்சக்கரம் தரையை அழுத்தும்; சேஸிஸ் லேசாக முறுக்கிக்கொண்டு பின்பக்க உள்சக்கரத்தைத் தூக்கும். அப்போதுதான் வண்டி திரும்பும்.

அடுத்த முறை ஹேர்பின் வளைவின் பக்கம், வேலிக்கு வெளியே குனிந்து பாருங்கள். தேர்ந்தவர் வரும்போது உள்பின் டயருக்கும் தாருக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரியும். புதியவர் வரும்போது டயர் கிறீச்சிடுவது மட்டும் கேட்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்துவிடுங்கள். வாடகை கார்ட்டில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். திரும்பும்போது மிதித்தால் பின்பக்கம் பூட்டிக்கொண்டு சுழலத்தான் செய்யும். பிரேக் இடது காலுக்கு, ஆக்சிலரேட்டர் வலது காலுக்கு. இரண்டையும் சேர்த்து மிதிக்காதீர்கள். பிறகு ஒரே திருப்பாகத் திருப்பி, வளைவின் உள்முனையைத் தொட்டதும் ஸ்டீயரிங்கை விரித்துவிடுங்கள்.

கேள்வி: சுடிதார் போட்டுக்கொண்டு ஓட்டலாமா? (திருச்சி வாசகி)

பதில்: துப்பட்டா கூடவே கூடாது அம்மா. அதை வீட்டிலோ தோழியின் கையிலோ விட்டுவிட்டு வாருங்கள். தலைமுடியைக் கொண்டையாக முடிந்து, துணிக்கவசம் போட்டு, முழு ஹெல்மெட்டுக்குள் அடக்க வேண்டும். ஒரு பிரிகூட வெளியே தொங்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் தண்டும் செயினும் திறந்த நிலையில் சுற்றலாம். கூந்தல் சிக்கி உயிர் போன துயரம் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஏறுமுன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். செயினுக்கும் தண்டுக்கும் மூடி இல்லாத வண்டியில் ஏறாதீர்கள். இதைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத டிராக் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். இந்த விஷயத்தில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: எட்டு வயது மகனை ஃபார்முலா ஒன்னுக்குத் தயார் செய்ய நினைக்கிறேன். (ஈரோட்டுத் தந்தை)

பதில்: முதலில் அவன் சிரித்துக்கொண்டே வண்டியை விட்டு இறங்குகிறானா என்று பாருங்கள். லூயிஸ் ஹாமில்டனின் அப்பா ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்துத்தான் மகனை கார்ட் பந்தயத்தில் ஓடவிட்டார். மைக்கேல் ஷூமாக்கரின் அப்பா கொத்தனார். கெர்பென் ஊர் கார்ட் டிராக்கைக் கவனித்துக்கொண்டார். அந்தக் கதைகள் உண்மை. ஆனால் இன்று அந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் விலை ஏறிவிட்டது. கடன் வாங்கி ஏறாதீர்கள்.

நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டியவர் ஒருவர் இருந்தார்: கோவையின் எஸ். கரிவரதன். சாதாரண மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கி, இங்கே பலருக்குக் கட்டுப்படியாகும் கதவைத் திறந்தார். நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியரானார். செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. பையனை ஒரு போட்டி நாளில் அங்கே அழைத்துப் போங்கள். தேசிய அளவில் ஓட வேண்டிய நாள் வந்தால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் உரிமம் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய கார்ட் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? (கரூர் வாசகர்)

பதில்: கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அடிக்குழாயில் விரலை ஓட்டுங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய குழாய் டிராக்கில் உரசி உரசித் தட்டையாகியிருந்தால் விட்டுவிடுங்கள். இருக்கையைத் தாங்கும் கம்பிகளின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் உண்டா பாருங்கள். பின்தண்டைச் சுழற்றிவிடுங்கள், சக்கரம் கோணலாக ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது. புதுப் பெயின்ட் பளபளத்தால் இன்னும் உற்றுப் பாருங்கள்.

கேள்வி: ஃபார்முலா ஒன் வீரர் செனா உங்களுக்குப் பிடிக்குமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: உயிர்! 1993-ல் அவரிடம், மோதியதில் அதிக நிறைவு தந்த போட்டியாளர் யார் என்று கேட்டார்கள். ஃபார்முலா ஒன்னில் அவரோடு மோதிய ப்ராஸ்ட், மான்செல் என்று பதிலை எதிர்பார்த்திருந்தார்கள். அவர் சொன்ன பெயர் டெர்ரி ஃபுல்லர்டன். கார்ட் காலத்தில் அவரோடு ஒரே அணியில் இருந்தவர், 1973-ன் உலக கார்ட் சாம்பியன். அங்கே பணமும் அரசியலும் இல்லை, ஓட்டுவது மட்டுமே இருந்தது என்பது செனா சொன்ன காரணம். மூன்று முறை உலக சாம்பியனான செனாவுக்கு உலக கார்ட் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை; 1979-லும் 1980-லும் இரண்டாமிடம்தான்.

கேள்வி: மழையில் ஓட்டலாமா? (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: டிராக்காரர் அனுமதித்தால் கட்டாயம் ஓட்டுங்கள். வெயில் நாளில் எல்லோரும் போகிற தடத்தில் டயர் ரப்பர் படிந்திருக்கும். நனைந்தால் அது சோப்பு போல வழுக்கும். அந்தத் தடத்தை விட்டு, வளைவின் வெளிவிளிம்பை ஒட்டி ஓட்டிப் பாருங்கள், பிடிப்பு அங்கேதான் கிடைக்கும். பிரேக்கை வெகு முன்னாலேயே, மெதுவாக மிதியுங்கள். கைக்குக் கையுறை, மாற்றுத்துணி ஒரு செட்.