ஷேல் எரிவாயு: பெருமை யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் ஷேல் பாறையிலிருந்து எரிவாயு எடுத்தது தனியார் சாதனையா, அரசின் சாதனையா?

பதில்: ஊர் கூடி இழுத்த தேர் அது! வடம் பிடித்தவர்களில் எரிவாயுத் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செல் முன்னால் நின்றார். அச்சு செய்துகொடுத்தது அரசுப் பணம்.

1976-ல் அமெரிக்க அரசு கிழக்கு ஷேல் எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கியது. அப்பலாச்சியப் பகுதியில் துளையிட்டு, கறுத்த பாறையை உருளை உருளையாக வெளியே எடுத்து, விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, வாயு எவ்வளவு அடைந்து கிடக்கிறது என்று அரசு ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் சேர்ந்து பார்த்தன. முடிவுகளைப் பூட்டி வைக்காமல் வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் பெரிய விஷயம் இதுதான்.

டெக்சாஸில் மிட்செல் 1981-ல் பார்னெட் ஷேல் என்ற பாறைப் படிவில் முதல் கிணறு போட்டார். கல்லில் நார் உரிக்கிற வேலை. வருடக்கணக்கில் கையைக் கடித்தது. 1991-ல் அங்கே கிடைமட்டமாகக் கிணறு தோண்டியபோது எரிவாயு ஆராய்ச்சிக் கழகம் தோள் கொடுத்தது. அதன் நிதி, குழாய்வழி எரிவாயுக் கட்டணத்தில் சேர்த்து வசூலித்த சிறு தொகை. ஆக, அடுப்பு மூட்டிய குடும்பங்களும் பங்காளிகள்தான்!

1998-ல் வழி திறந்தது. பாறையைப் பிளக்க அதுவரை செலுத்திய விலைகூடிய கூழ்க் கரைசலைத் தள்ளிவிட்டு, வழுக்கும் மருந்து துளி கலந்த தண்ணீரையும் மணலையும் அழுத்திச் செலுத்தினார்கள். செலவு குறைந்தது, வாயு பெருகியது. மிட்செல் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

2012-ல் அவரே, நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க்குடன் சேர்ந்து, இந்தத் தொழிலுக்குக் கடுமையான விதிகள் வேண்டும் என்று எழுதினார். இந்தத் தொழிலால் மாசுபடக்கூடிய நிலத்தடி நீரை நினைத்தால், அதற்காகவும் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.