ராணி காசும் ஃப்ரிட்ஜ் காந்தமும்

பழைய ரூபாய் ஒன்றில் வெள்ளி இருக்கிறதா என்பதை, அதில் அச்சாகியிருக்கும் ஆண்டே பாதி சொல்லிவிடும். ஆனால் பரண் பெட்டியிலிருந்து காசு கைக்கு வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது படிப்பல்ல, தேய்ப்பு. புளி, விபூதி, பற்பசை, விளக்குத் தேய்க்கும் பொடி என்று அடுக்களையே களத்தில் இறங்கும். சற்று நேரத்தில் காசு கண்ணைப் பறிக்கும். முலாம் பூசிய பித்தளையும் அப்படித்தான் பறிக்கும் என்பதால் இதில் தெரியவருவது ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக ஏறிய கருமையோடு காசின் மதிப்பும் கழுவிக்கொண்டு போயிருக்கும், அவ்வளவுதான்.

ஆண்டுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி 1835-இல் தன் ஆளுகை முழுவதற்கும் ஒரே ரூபாயை அடிக்கத் தொடங்கியது. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. கம்பெனி போய் விக்டோரியா வந்தார், எட்வர்டு வந்தார், ஜார்ஜ்கள் வந்தார்கள். தலை மாறியதே தவிர 1939 வரை கலவை மாறவில்லை. நாட்டு மருத்துவச் சீட்டுகளில் 'ரூபாய் எடை' என்று எழுதியது இந்த எடையைத்தான். போர் வந்தது, 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947 ரூபாயில் புலி கம்பீரமாக நிற்கிறது. வெள்ளி மட்டும் இல்லை, முழுக்க நிக்கல். சுதந்திர இந்தியா 1950-இல் வெளியிட்ட ரூபாயும் நிக்கல்தான். 'தாத்தா காலத்துக் காசு, வெள்ளியாகத்தான் இருக்கும்' என்று சொல்லும் முன், எந்தத் தாத்தா என்று விசாரிப்பது நல்லது.

பிற்காலத்து நினைவு நாணயங்களிலும் வெள்ளி உண்டு. காந்தி நூற்றாண்டுக்கு 1969-இல் வந்த பத்து ரூபாய் 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. சுதந்திர வெள்ளி விழாவுக்கு 1972-இல் வந்த பத்து ரூபாய் 22.5 கிராம், வெள்ளி 50 சதவீதம். இரண்டாவதைக் கையில் வைத்தால் கனம் அசத்தும். கணக்குப் போட்டால் முதலாவதில்தான் முக்கால் கிராம் வெள்ளி கூடுதல்.

எழுத்தையும் படிக்க வேண்டும். விக்டோரியா 1876 வரை 'குயின்', 1877 முதல் 'எம்ப்ரஸ்'. 1862 என்று ஆண்டு போட்டு எம்ப்ரஸ் என்றும் பொறித்திருந்தால், பட்டம் கிடைக்கும் முன்பே ராணிக்குப் பட்டம் கட்டிய பெருமை அந்தக் காசை அடித்தவருக்கே சேரும். 1818 என்ற ஆண்டோடு ராமரும் அனுமனும் இருக்கும் 'கம்பெனி அரையணா' இன்னொரு ரகம். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. அது கோயில் வாசல்களில் விற்ற வில்லை. ஆனாலும் அதற்கு அபூர்வ சக்தி இருப்பதாகவும் கோடிக்கணக்கில் விலை பேசலாம் என்றும் நம்பிக் கைக்காசை இழப்பவர்கள் குறையவில்லை.

அடுத்த சோதனை காந்தம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. இரும்புப் போலி பாய்ந்து ஒட்டும். புலி ரூபாயும் ஒட்டும், வீட்டில் முகங்கள் தொங்கும். ஒட்டாத காசைப் பார்த்து உடனே குதூகலிப்பதுதான் தவறு. செம்பு, பித்தளை, ஈயம், அலுமினியம் எதுவுமே ஒட்டாது. வெளுத்ததெல்லாம் பால் என்பது போலத்தான் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்பதும்.

சுண்டிப் பார்ப்பது கடைக்காரர்களின் பழைய வழி. நல்ல வெள்ளி நீளமாக ரீங்கரிக்கும். ஈயக் கலப்பு 'சொத்'தென்று அடங்கிவிடும். காது பழகியவருக்கு இது போதும், மற்றவருக்கு எல்லாக் காசும் ஒரே சுருதி. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசும், விரிசல் விட்ட காசும் வெள்ளியாகவே இருந்தாலும் குரல் எழுப்பாது. பனிக்கட்டியைக் காசின் மேல் வைத்து உருகும் வேகத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களில் வெள்ளிக்கே முதலிடம். ஆனால் செம்பு ஓரடிதான் பின்னால் நிற்கிறது என்பதால் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டவே இது உதவும்.

காசுக்குக் காயமில்லாமல் ஓரளவு நம்பத்தக்க விடை தருவது தண்ணீர்தான். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் நகைத் தராசு வேண்டும். முதலில் காசை எடை போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் முழுக்க மூழ்கும்படி பிடிக்க வேண்டும். தராசு அப்போது காட்டுவது காசின் கன அளவு. 11.66 கிராம் காசு 1939 வரையிலான வெள்ளியானால் ஏறக்குறைய 1.13 காட்டும், 1940-இல் தொடங்கிய பாதி வெள்ளி 1.22, செம்பு-நிக்கல் போலியானால் 1.31. சமையலறைத் தராசு மூன்றுக்கும் 1 என்றே காட்டும், அதற்கு அத்தனை சமநோக்கு. காசில் ஒட்டிய ஒரு சிறு காற்றுக் குமிழி அசல் ராணியையும் போலியாக்கிவிடும் என்பதால் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் படிக்க வேண்டும். தேய்ந்துபோய் 11.4 கிராமாக இருக்கும் காசானால், எடையைக் கன அளவால் வகுக்க வேண்டும். பழைய வெள்ளி ரூபாய்க்கு விடை 10.3-ஐ ஒட்டி வரும்.

இதற்கு மேல் நகைக்கடை. உரைகல்லில் இழைத்து அமிலச் சொட்டு விட்டால் விடை உறுதி, காசில் கீறலும் உறுதி. எக்ஸ்-கதிர் இயந்திரம் கீறாது. ஒரு நிமிடத்துக்குள் சதவீதத்தோடு சீட்டுத் தரும். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். கனமாக முலாம் பூசிய காசைக் கொடுத்தால் முலாமுக்கு நற்சான்று வழங்கிவிடும். ஆகவே சீட்டை வாங்கிய பிறகும் காசின் விளிம்பையும் ராணியின் கன்னத்தையும் உருப்பெருக்கியில் பார்ப்பது நல்லது. முலாம் முதலில் தேய்வது மேடான இடங்களில்தான், அங்கே செம்போ மஞ்சளோ எட்டிப் பார்க்கும்.

அரத்தால் ராவிப் பார்ப்பது இப்போது தேவையில்லாத கொடுமை. காசு மாற்றிக் கொடுத்த பழைய காலத்துச் சராப்புகள் உளியால் குத்தியே பார்த்தார்கள். முகலாய ரூபாய்கள் பலவற்றில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அப்படியொரு காசு கிடைத்தால் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். தழும்பின் பள்ளத்துக்குள் உருப்பெருக்கியை வைத்து, அடியில் சிவப்புத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.