தூக்காத ஜாக்கி, தூங்காத மனிதர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன், மில்வாக்கி, வாகிஷா என்று மூன்று ஊர்கள் அருகருகே இருக்கின்றன. வாக்கர், பிளாக்ஹாக், ஹைன்-வெர்னர் ஆகிய கம்பெனிகள் முறையே அந்த ஊர்களிலிருந்துதான் ஹைட்ராலிக் ஜாக்கி செய்து நாடெங்கும் அனுப்பின. அந்தக் காலத்து டிராலி ஜாக்கியால் காரைத் தூக்க ஒரு கை போதும். ஜாக்கியைத் தூக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும். இருந்தும் பழைய இரும்புக் கடையில் அதைக் கண்டால் சிலருக்குக் கால் நகராது.

அப்படிக் கால் நகராமல் நின்ற ஒருவர், கடைசியில் ஜாக்கியோடுதான் வீடு திரும்பினார். அது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்வதற்கில்லை. முதல் வேலையாக அவர் சிவப்புப் பெயிண்ட் அடித்ததில் பெயர்த்தகடும் சிவந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் பிரித்து, புது சீல் போட்டு, எண்ணெய் ஊற்றிக் கைப்பிடியை அழுத்தினார். கல்யாண மாப்பிள்ளை போல ஜாக்கி மினுங்கியது. ஒரு வேலையும் செய்யவில்லை.

ஜாக்கியின் தத்துவம் 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னதுதான். அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் போகும். பம்பு பிளஞ்சரின் விட்டம் 12 மில்லிமீட்டர், பாரம் தள்ளும் ராமின் விட்டம் 48 மில்லிமீட்டர் என்றால், பரப்பளவு 16 மடங்கு. விசையும் 16 மடங்கு. இதை வைத்து ஜோசப் பிரமா 1795-இல் லண்டனில் ஹைட்ராலிக் அழுத்தியந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கையோடு கொண்டுபோகும் ஜாக்கிக்கு நியூயார்க்கின் ரிச்சர்ட் டட்ஜன் 1851-இல் வாங்கினார். பிரமாவையும் ஒழுகல்தான் படுத்தியது. அவர் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம் போன்ற தோல் வாஷர் செய்து காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அழுத்தம் ஏற ஏறக் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்து மாட்டினால் எண்ணெய் தாராளமாகப் போய்வரும். நம்மவர் இதை மட்டும் சரியாக மாட்டியிருந்தார்.

முதல் சந்தேகம் காற்று. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். உள்ளே காற்று இருந்தால் கைப்பிடி மெத்தையை அழுத்துவது போலப் போய்வரும். பாரத்தை இறக்கத் திறக்கும் ரிலீஸ் வால்வைத் திறந்துவிட்டு வேகமாகப் பம்பு அடித்தால் காற்று எண்ணெய்த் தொட்டிக்குப் போய்விடும். அடித்தார். ஜாக்கி எழுந்தது! காரை வைத்தார். எழவில்லை.

“பிரேக் ஆயில் ஊத்திப் பாருங்களேன்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்லவேளை, இவர் கேட்கவில்லை. ஜாக்கிக்கு உரியது கனிம எண்ணெய். சாதாரண பிரேக் ஆயிலோ கிளைகால் வகை. கனிம எண்ணெய்க்கென்று செய்த நைட்ரைல் சீல் அதில் ஊறிக் கெட்டுவிடும். பிறகு ஒழுகுவதற்குக் காரணம் தேடவே வேண்டாம்.

வெறுமனே எழுந்து, பாரம் வைத்தால் மறுக்கும் ஜாக்கி உண்மையில் ஜாடை காட்டுகிறது. எண்ணெய்க்கு உள்ளே வழிகள் கொஞ்சம்தான். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் வழியில் ஒரு எஃகுக் குண்டு. பம்பிலிருந்து ராமுக்குப் போகும் வழியில் இன்னொன்று. முதல் குண்டு சரியாக அமராவிட்டால், அழுத்திய எண்ணெய் வந்த வழியே தொட்டிக்குத் திரும்பும், கார் ஏறாது. இரண்டாவது குண்டு அமராவிட்டால் ராமின் எண்ணெய் பம்புக்குத் திரும்பி, கைப்பிடி தானாகவே எழுந்து நிற்கும். பார்க்கிறவர்கள் பேய் என்பார்கள். கைப்பிடி அசையாமல் கார் மட்டும் மெல்ல இறங்கினால், ரிலீஸ் வால்வையோ ராம் சீலையோ பார்க்க வேண்டும். ராம் சீல் என்றால் பெரும்பாலும் வெளியே ஈரமும் தெரியும்.

நம்மவர் ஜாக்கியில் பேயும் இல்லை, ஈரமும் இல்லை. மீண்டும் பிரித்தார். முதல் குண்டு அமரும் இடத்தில் துருவின் சிறு பள்ளம் இருந்தது. அதற்குப் பட்டறை வைத்தியம் எளிது: பழைய குண்டை இடத்தில் வைத்து, மேலே பித்தளைத் தண்டை நிறுத்தி, சுத்தியலால் அளவாக ஒரு தட்டு, புது அமர்விடம் உருவாகும். தட்டிய குண்டை எறிந்துவிட்டுப் புதிதைப் போட வேண்டும். அதையும் செய்தார். அப்போதும் கார் ஏறவில்லை.

மிச்சம் இருந்தது ஓவர்லோடு வால்வு. அளவுக்கு மேல் பாரம் வந்தால் திறந்து எண்ணெயைத் தொட்டிக்கு விடும் காவல்காரன் அது. அதனால் அதன் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். இரண்டாவது குண்டின் மேல் இருப்பதோ பேனா ஸ்பிரிங் போல இளசு. பிரித்த அன்று இரண்டும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பூட்டும்போது இடம் மாறிவிட்டன. காவல்காரன் காரைக் கண்டதுமே கதவைத் திறந்துவிட்டான்.

மாற்றிப் பூட்டியதும் கார் ஏறியது. மறுநாள் காலை அளவுகோல் வைத்துப் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. ஆனாலும் காருக்கு அடியில் போகுமுன் அவர் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்தார். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டுதான் வேண்டும். அதற்குள் எண்ணெய், சீல், குண்டு எதுவும் கிடையாது. ஆகவே அதைப் பிரித்துப் பார்க்கும் ஆசை அவருக்கு இதுவரை வரவில்லை.