டீமுக்கு ஒரு பஞ்சாங்கம்

எந்த ஐடி கம்பெனியிலும் டீமுக்கு ஒரு பஞ்சாங்கம் இருப்பார். கோடில் எங்காவது தேதி என்று ஒன்று எட்டிப் பார்த்தால் போதும், கூப்பிடாமலே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். "இதை நீயேவா எழுதின, தம்பி?" என்று கேட்கும் தொனியில், எழுதியவனுக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

புதுப் பையன் ஜாவாஸ்கிரிப்டில் மாதம் 5 என்று கொடுத்துவிட்டு மே மாதத்துக்குக் காத்திருப்பான். ஜூன் வந்து நிற்கும். "அதுல ஜனவரி பூஜ்யம்பா. நாள் மட்டும் ஒண்ணுல ஆரம்பிக்கும்" என்பார் பஞ்சாங்கம். 1995-இல் ஜாவாவைப் பார்த்து அப்படியே காப்பியடித்த கதையும் கூடவே வரும். காப்பி கொடுத்த ஜாவாவே 2014-இல் திருந்திப் புது லைப்ரரி கொண்டுவந்த பிறகும் காப்பியடித்தவன் பல வருடம் திருந்தவில்லையே என்பது அவருடைய தீராத ஆதங்கம்.

பைத்தானின் பழைய லைப்ரரி ஒன்றில் நேர மண்டலம் கொல்கத்தா என்று நேரடியாகச் செருகினால், கிரீன்விச் நேரத்தோடு உள்ள வித்தியாசத்தை ஐந்தரை மணிக்குப் பதில் 5:53 என்று காட்டும். "கெட்டுப்போகலப்பா, அது அந்த ஊரோட பழைய உள்ளூர் நேரம்" என்று ஆரம்பிப்பார். மெட்ராஸ் நேரம் 5:21, நேபாளம் 5:45, இலங்கை 1996-இல் மாற்றிவிட்டு 2006-இல் பழையபடி ஐந்தரைக்கே திரும்பியது, சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லாமல் போனது... டீ ஆறிவிடும். "சரிண்ணா, உங்க வேலை எப்ப முடியும்?" என்று கேட்டால் மட்டும், "பாக்கலாம்."

ஆனாலும் ரொம்பக் கிண்டல் செய்ய முடியாது. ஜாவாவில் வருடத்துக்குச் சின்ன ஒய் நாலு போட வேண்டும். தவறிப்போய்ப் பெரிய ஒய் போட்டாலும் பொங்கல், தீபாவளி எல்லாம் ஒழுங்காகவே தாண்டும். டெஸ்டிங்கில் பாஸ், கிளையன்ட்டுக்கும் திருப்தி. பெரிய ஒய் என்பது வாரக் கணக்கு வருடம். டிசம்பர் கடைசி வாரம் அடுத்த வருடத்தின் முதல் வாரமாக எண்ணப்பட்டுவிட்டால் தீர்ந்தது: 31-12-2019-இல் கட்ட வேண்டிய பில் 31-12-2020 என்று அச்சாகும். கடன் வாங்கியவருக்குக் கொண்டாட்டம், கணக்கு டிபார்ட்மென்டுக்குத் திண்டாட்டம். ஆயிரம் வரிக்கு நடுவே பதுங்கியிருக்கும் அந்த ஒய்யை, கண்ணாடியைக்கூடத் துடைக்காமல் கண்டுபிடிக்கிறவர் இவர் ஒருவர்தான்.

உங்கள் டீமிலும் ஒரு பஞ்சாங்கம் இருந்தால், டீ வாங்கிக் கொடுத்து சமோவா கதையை இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரம் மட்டும் அவருக்கு லீவு கொடுத்துவிடாதீர்கள்.