மின்னலுக்குப் பன்மை உண்டா?

ராத்திரி பத்தரைக்கு இயக்குநர் போன் செய்தார். "சார், அர்ஜென்ட்டா ஒரு பேர் வேணும்." வீட்டில் விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்து, "ஆணா, பொண்ணா?" என்றேன். "பதினொரு ஆம்பளைங்க சார். வெளியில உக்கார்றவங்களையும் சேர்த்தா இருபது," என்றார்.

நான் வசனம் எழுதும் ஒரு வெப் சீரிஸின் விவகாரம் இது. வடசென்னையில் செங்கல், ஜல்லி விற்றுப் பணக்காரரான ஒருவர் கால்பந்து லீக்கில் புதிதாக ஓர் அணியை வாங்குகிறார். வியாசர்பாடிப் பையன்கள் அதில் ஆடுகிறார்கள். மொத்தம் எட்டு எபிசோடு. லீக் கற்பனை, முதலாளி கற்பனை, பையன்களும் கற்பனை. அணியின் பெயர் மட்டும் யாருடைய கற்பனையிலும் வரவில்லை. நாலு மாதமாக ஸ்கிரிப்ட்டில் 'நம்ம டீம்' என்றே போட்டு ஓட்டிவிட்டோம். ஜெர்சி அடிக்கிறவர் போன் செய்து, "நம்ம டீம்னே அடிச்சிடவா சார்?" என்று கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் சுருக்கென்றது.

குழந்தைக்குப் பெயர் வைப்பது இதைவிடச் சுலபம். முதல் எழுத்தை நட்சத்திரம் சொல்லிவிடும். தாத்தா பெயர் ஒன்று சுவரில் மாலையோடு காத்திருக்கும். வளர்ந்த பிறகு பிடிக்கவில்லையென்றால் கெஜட்டில் மாற்றிக்கொள்ளலாம். ஃபிராஞ்சைஸ் அணிக்குத் தாத்தாவும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. நேற்றுவரை இல்லாத ஒன்றுக்காக நாளை சாயங்காலம் நாற்பதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

பழைய கிளப்புகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு வென்ஸ்டே என்று ஒரு கிளப் இருக்கிறது. முதலில் அது 1820இல் தொடங்கிய கிரிக்கெட் கிளப். ஆட்டக்காரர்களுக்குப் புதன்கிழமை அரைநாள் லீவு, அதனால் 'புதன்கிழமை'. 1867இல் கால்பந்தும் ஆடத் தொடங்கினார்கள். கிழமை மட்டும் மாறவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 1898இல் சில வாலிபர்கள் சேர்ந்து 'யங் பாய்ஸ்' என்று வைத்தார்கள். அந்த வாலிபர்களின் கொள்ளுப்பேரன்களே ரிட்டையர் ஆகியிருப்பார்கள். கிளப் இன்னும் யங் பாய்ஸ்தான்.

அமெரிக்காவில் பால்டிமோருக்கு 1996இல் ஓர் அணி வந்தபோது, அந்த ஊரில் அடக்கமான எட்கர் ஆலன் போ எழுதிய ஒரு கவிதையை வைத்து 'ரேவன்ஸ்' என்று பெயரிட்டார்கள். நம் பாஷையில் பால்டிமோர் அண்டங்காக்கைகள். (அவர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கும் பெயர் கால்பந்துதான். அந்தப் பஞ்சாயத்துக்கு இப்போது நேரமில்லை.) ஒரு கவிஞருக்காக ஒரு நகரமே காக்கையாகச் சம்மதித்தது என்று அறிந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாரதியாரும் காக்கையைப் பாடியவர், சென்னையில் வாழ்ந்தவர் என்று தயாரிப்பாளரிடம் எடுத்துச் சொன்னேன். "காக்கா வேணாம் சார், சனீஸ்வரன் வாகனம்," என்றார்.

நம் ஊர் லீக்குகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். சூத்திரம் எளிதாகத்தான் இருந்தது. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தை எடு, அதே எழுத்தில் ஒரு மிருகமோ ராஜாவோ தேடு, கடைசியில் 'ஸ்' போடு. 2016இல் தொடங்கிய தமிழ்நாட்டு கிரிக்கெட் லீக்கில் திண்டுக்கல்லுக்கு டிராகன்ஸ், சேலத்துக்கு ஸ்பார்ட்டன்ஸ். திண்டுக்கல்லில் பூட்டு உண்டு, பிரியாணி உண்டு. டிராகனைப் பழக்கடைக்கு வெளியே பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. சேலத்துக்கும் கிரேக்கத்துக்கும் மாம்பழ ஏற்றுமதி தவிர வேறு உறவு இருந்திருக்காது.

என் மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பட்டியலை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "இங்கிலீஷ்ல எழுதினா மோனை. தமிழ்ல எழுதினா தி, டி. மோனை செத்துப் போச்சு மாப்ளே," என்றார். காரைக்குடி காளைக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுத்தார். அந்தக் காளையும் இப்போது களத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கபடியில் தமிழ் தலைவாஸ் என்று ஓர் அணி. 'தலைவா' என்பது கூப்பிடுகிற சொல், விளி வேற்றுமை. அதற்கு மேல் ஓர் ஆங்கில 'ஸ்'. "இது பல பேரைக் கூப்பிடுறதா, இல்ல ஒருத்தரைப் பல தடவை கூப்பிடுறதா?" என்று கேட்டுவிட்டு மாமனார் காபி குடித்தார். அடுத்தது சென்னையின் எஃப்.சி. 2014இல் பிறந்து, 2015இலும் 2017-18இலும் ஐ.எஸ்.எல். பட்டம் வாங்கிய அணி. அதற்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "சென்னையின்... என்ன?" என்றார். அவ்வளவுதான் மாமா என்றேன். வேற்றுமை உருபை வைத்துக்கொண்டு அந்தச் சொல் பத்து வருஷத்துக்கு மேலாக நேரு ஸ்டேடியம் வாசலில் நிற்பதை நினைத்தால் எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

"கிளப்புக்குத் தமிழ் கழகம். வடசென்னைக் கால்பந்துக் கழகம்னு வைங்க, முடிஞ்சுது," என்று மாமனார் தீர்ப்பளித்தார். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. தயாரிப்பாளரிடம் சொன்னேன். மறுமுனையில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "கழகம்னா எந்தக் கழகம்னு கேப்பாங்களே சார்?" என்றார்.

இதற்குள் ஓ.டி.டி. நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு மெயில் வந்தது. இருக்கிற அணியின் பெயர் கூடாது. கடவுள், சாதி, கட்சி, கட்சிச் சின்னம், உயிரோடு இருப்பவர், சினிமாப் பட்டம் எதுவும் தொனிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்று தெரியும். சூரியன், இலை, மாம்பழம், முரசு, பானை எல்லாம் ஏற்கெனவே வேறு மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கின்றன. புலியும் சிறுத்தையும் பேச்சுக்கே இல்லை. சிங்கம் சினிமாவுக்குப் போய்விட்டது. யானைக்கும் சேவலுக்கும் பழைய தேர்தல் கணக்குகள் உண்டு. வடசென்னைக்கே உரியது என்று உதவி இயக்குநர் தம்பி புறாவைச் சொன்னான். 'மெட்ராஸ் புறாக்கள்' என்று எழுதிப் பார்த்தோம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சமாதானம் பேசுகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஷெஃபீல்டு ஞாபகம் வந்தது. நம் பையன்கள் ஆடுவது எந்தக் கிழமை? ஞாயிற்றுக்கிழமை. 'வியாசை ஞாயிறு' என்று எழுதி அனுப்பினேன். இயக்குநர் நாலு இதயம் அனுப்பினார். மாமனார்கூட "நல்ல தமிழ்" என்றார். சட்டப் பிரிவு இரண்டே நாளில் திருப்பி அனுப்பியது. ஞாயிறு என்றால் சூரியனாம். அந்த அலுவலகத்தில் எவரோ ஒருவர் பள்ளிக்கூடத்தில் தமிழை ஒழுங்காகப் படித்திருக்கிறார். என் துரதிர்ஷ்டம்.

யாழ்ப்பாணத்து நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், மயிலங்காடு ஞானமுருகன் என்று அணிகள். முன்னால் ஊர், பின்னால் அந்த ஊர் நம்புவது. மாதாவும் முருகனும் ஒரே மைதானத்தில் மோதிவிட்டு, சாயங்காலம் அவரவர் கோயிலுக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள். எந்தச் சட்டப் பிரிவும் மெயில் அனுப்புவதில்லை. பாடும்மீன்! உலகத்தில் எந்த விளம்பர நிறுவனத்துக்குக் காசு கொடுத்தாலும் இப்படி ஒன்று வராது.

பெயர் காகிதத்தில் நன்றாக இருந்தால் போதாது, கத்திப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. தெருவில் விற்பவர்களுக்கு இது எப்போதோ தெரிந்த சங்கதி. உப்பு விற்பவர் 'உப்பு' என்று கூவுவதில்லை, 'உப்போய்' என்கிறார். பழைய பேப்பர்க்காரர் 'பேப்பரேய்' என்கிறார். நெடிலில் வாயைத் திறந்துவிட்டால் சத்தம் மூன்று தெரு போகும். 'புயல்' என்று கத்தினால் நாக்கு மடிந்து சத்தத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறது. 'அலைகள்' பண்பலை வானொலி மாதிரி இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் என் பட்டியலை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 'சூறாவளீ' அருமையாக எழுந்தது. உற்சாகத்தில் கையைத் தூக்கி நாலு முறை கத்திவிட்டேன். நவம்பர் மாதம் அது. பக்கத்து மாடியில் கதவு திறந்தது. அந்த வீட்டு அம்மா ஓடிவந்து, கொடியில் கிடந்த துணியையெல்லாம் கிளிப்போடு சேர்த்து அள்ளிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சூறாவளியைக் கைவிட்டதற்கு அது மட்டும் காரணமில்லை. அணி தோற்கிற அன்றைக்குப் பேப்பரில் என்ன தலைப்பு வரும் என்று என் மனைவி கேட்டாள். அவளே சொன்னாள்: "சூறாவளி வலுவிழந்தது." கதையில் முதல் ஐந்து எபிசோடும் எங்கள் அணி தோற்கிறது.

ஒரு கட்டத்தில் பெயரே வேண்டாம் என்று முடிவுக்கு வந்தேன். முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் அணி, செவ்விந்தியர்களை இழிவுபடுத்துவதாகச் சொல்லப்பட்ட தன் பழைய பெயரை 2020இல் விட்டுவிட்டு, வேறு பெயர் சிக்காமல் இரண்டு சீசன் வெறும் 'வாஷிங்டன் ஃபுட்பால் டீம்' என்றே ஆடியது. கோடி கோடியாகப் பணம் புழங்குகிற இடத்திலேயே அந்தக் கதி. "அப்ப நம்ம டீம், நம்ம டீமாவே இருக்கட்டுமே," என்றேன். தயாரிப்பாளர் ஒப்பவில்லை. முதலாளி மனசு அது. புனேயின் ஐ.பி.எல். அணி 'சூப்பர்ஜயன்ட்ஸ்' என்று 2016இல் ஆடி, மறுவருஷம் கடைசி 'ஸ்'ஸை மட்டும் எடுத்துவிட்டு 'சூப்பர்ஜயன்ட்' ஆயிற்று. காசு போட்டவருக்கு ஒரு எழுத்திலாவது கைவைக்க உரிமை வேண்டும். கொல்கத்தாவில் 1889இல் பிறந்த மோகன் பகானின் தலையில் 2020இல் ஏ.டி.கே. என்று மூன்று எழுத்தை ஏற்றினார்கள். ரசிகர்கள் அதை எடு, எடு என்று பேனர் பிடித்தார்கள். 2023இல் கோப்பை வென்ற கையோடு அந்த எழுத்துகள் இறங்கின. மூச்சுவிடுவதற்குள் வால்பக்கம் 'சூப்பர் ஜயன்ட்' ஏறிவிட்டது.

எங்கள் தயாரிப்பாளரும் ஒரு காலை தாமே பெயரோடு வந்தார். மெட்ராஸ் மின்னல்ஸ். நியூமராலஜிஸ்ட் ஓகே சொல்லிவிட்டாராம். இங்கிலீஷில் எழுதும்போது கடைசியில் எஸ் வேண்டாம், இஸட் போடச் சொல்லியிருக்கிறார். சட்டப் பிரிவு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டது. "மின்னலுக்குப் பன்மை உண்டா மாப்ளே?" என்று மாமனார் கேட்டார். வானத்தில் நிறைய அடிக்குமே என்றேன். "ஒவ்வொண்ணாத்தான் அடிக்கும்," என்றார். அவருக்கு வருத்தம். 'மின்னல்கள்' என்று போட்டால் ஜெர்சியில் கடைசி எழுத்து அக்குளுக்குள் போகிறது என்று எப்படி விளக்குவது?

ஷூட்டிங் அன்று மஞ்சள் ஜெர்சி வந்து இறங்கியது. நெஞ்சில் பளீரென்று ஒரு மின்னல் கோடு. அணியில் ஆட வந்த நிஜ வியாசர்பாடிப் பையன் ஒருவன் அதைப் பிரித்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "இன்னாண்ணா இது, கரண்ட் ஆபீஸ் டீமா?" என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத்துறை என்று அலுவலகங்கள் கால்பந்து ஆடிய ஊர் இது. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் போட்டிருக்கிற அதே கோடுதான் ஜெர்சியிலும் இருந்தது. மண்டை ஓடு மட்டும்தான் பாக்கி. மத்தியானத்துக்குள் யூனிட் முழுக்க அணிக்குக் கரண்ட்டு என்றே பெயராகிவிட்டது. கேட்டரிங் ஆள், "கரண்ட்டுக்கு இருபது சாப்பாடு" என்று எழுதிவைத்திருந்ததை நானே பார்த்தேன்.

ராத்திரி கூட்டக் காட்சி. கேலரியில் முந்நூறு பேர். "மின்னல்ஸ்... மின்னல்ஸ்..." என்று கத்தச் சொன்னார்கள். அந்த 'ல்ஸ்' இருக்கிறதே, முந்நூறு பேர் சேர்ந்து சொன்னால் குக்கர் விசில் அடங்குகிற மாதிரி கேட்கிறது. ஏழு டேக். எட்டாவது டேக்கில், காட்சிப்படி கோல் விழ வேண்டிய நேரத்தில், ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமி நின்றது. மைதானம் முழுக்க இருட்டு. ஆளாளுக்குச் செல்போனைத் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிஷம் கழித்து நாலு கம்பத்திலும் பளீரென்று விளக்கு வந்தது.

கேலரி மொத்தமும் எழுந்து நின்று, சின்ன வயசில் தெருவே கத்துமே, அதே குரலில், "ஏஏஏய்... கரண்ட்டூஊஊ!" என்று கத்தியது. குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர்களும் கத்தினார்கள். பந்தை மறந்துவிட்டு கோல்கீப்பரும் கத்தினான். சவுண்ட் இன்ஜினியரின் கருவி பேட்டரியில் ஓடுவது; அவர் அதை நிறுத்தவே இல்லை. தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு இயக்குநரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

கடைசி எபிசோடில் அந்தச் சத்தத்தைத்தான் வைத்திருக்கிறோம். மாமனாருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார். "அளபெடை, மாப்ளே," என்றார் திருப்தியாக.

நேற்றுச் சட்டப் பிரிவிலிருந்து மெயில் வந்திருக்கிறது. 'கரண்ட்டு' என்பது அரசுத் துறை எதையாவது குறிக்கிறதா, விளக்கவும் என்று கேட்டிருக்கிறார்கள். தமிழ் படித்த அந்த ஆள்தான்.